குடியிருக்க ஒரு ஊர் தேடி கம்மி காசுல சுத்தறது பத்தி, நான் சுத்துனத வச்சு சொல்றேன்

தம்பி கேட்டத சுருக்கமா மேலயே போட்டுக்கறேன், பின்னாடி படிக்கறவங்களுக்கும் புரியணும்ல. வயசு 29, சென்னைல சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, கையில 4 லட்சம் இருக்கு, சென்னை பிடிக்கல, சொந்த ஊர்லயும் இப்ப யாரும் இல்ல. வேலைய விட்டுட்டு ரெண்டு வருஷம் கம்மி செலவுல ஊர் ஊரா சுத்தி, எங்க மனசு ஒட்டுதோ அங்கயே தங்கிடலாம்னு பிளான். மாசம் எவ்ளோ ஆகும், எங்க ஆரம்பிக்கறது, எப்ப நிறுத்தணும்னு எப்படி தெரியும், இந்த மூணும் தான் கேள்வி.

நான் இத பண்ணிருக்கேனுங்க தம்பி. எனக்கு ஊர் பவானி, ஈரோடு பக்கம். அப்பா போனதுக்கு அப்பறம் வீட்ட பங்கு பிரிச்சு வித்தாச்சு, அம்மா அக்கா வீட்டுக்கு போயிட்டாங்க, எனக்கு கல்யாணம் ஆகல, அப்ப வயசு 33. திருப்பூர், ஈரோட்டுல சின்ன கடைக்காரங்களுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் குடுக்கறது தான் பொழப்பு, அதுக்கு லேப்டாப்பும் நெட்டும் இருந்தா போதும், அப்பறம் எதுக்கு இங்கயே வாடகை கட்டிட்டு உக்காந்திருக்கோம்னு 2018 ஜூன்ல ஒரு பைய மாட்டிட்டு கெளம்பினவன், 2021 ஜனவரி வரைக்கும் சுத்துனேன், நடுவுல கொரோனாவும் வந்துட்டு போச்சு. இப்ப தென்காசில இருக்கேன். அது எப்படி ஆச்சுன்னு கடைசில சொல்றேன், ஏன்னா நான் தேடினப்ப அந்த ஊர் என் லிஸ்ட்லயே இல்ல.

ஊர் சுத்தறதும் ஊர் தேடறதும் ஒரே வேலைன்னு நெனச்சு தான் கெளம்பினேன், அங்கயே மொத நாலு மாசம் வேஸ்ட். மடிகேரி, கோகர்ணா, ஹம்பி, அப்படியே மேல போயி ராஜஸ்தான், மணாலின்னு பெரும்பாலும் மூணு நாளைக்கு ஒரு ஊர். எல்லா ஊரும் நல்லாத்தான் இருந்துச்சு, மூணு நாளைக்கு எந்த ஊர் நல்லா இருக்காது சொல்லுங்க? ஆனா ரூமுக்கு ஒரு நாளைக்கு 500, 600ன்னு குடுத்தா மாசம் 16, 17 ஆயிரம் அதுக்கே போயிடுது, அப்பறம் பஸ்ஸு, ஆட்டோ, மூணு வேளையும் ஹோட்டல் சாப்பாடு. மாசம் 32 ஆயிரம் வரைக்கும் போச்சு. பவானிலயே இருந்திருந்தா அதுல பாதி தான் ஆயிருக்கும். கம்மி செலவுல சுத்தணும்னா செலவு எங்க ஆகுதுன்னு பாருங்க. ஊர்ல இருக்கறதுக்கு பெருசா ஆகறதில்ல, ஊர் மாறறதுக்குத் தான் ஆகுது.

அஞ்சாவது மாசத்துல இருந்து ஒரு ரூல் வச்சுக்கிட்டேன், ஒரு ஊருக்கு குறைஞ்சது ஒரு மாசம். அதுக்கு எங்க வேலையே ஒரு வகைல உதவி பண்ணுச்சு, ஜிஎஸ்டிஆர் 1ன்னு விற்பனைக் கணக்கு போடற ரிட்டர்னுக்கு கடைசி நாள் 11ஆம் தேதி, வரி கட்டற 3பி ரிட்டர்னுக்கு 20ஆம் தேதி, அந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயும் நகர முடியாது, அதனால 21ஆம் தேதில இருந்து அடுத்த மாசம் 5ஆம் தேதிக்குள்ள தான் ஊர் மாறுவேன். மாச வாடகைக்கு போனதும் கணக்கு அப்படியே மாறிடுச்சு, ரூம் 5,000, சாப்பாடு தானே சமைச்சா 5,000, ட்ரெய்ன் பஸ் எல்லாம் மாசத்துக்கு பிரிச்சுப் போட்டா 1,500, போன், மருந்து, சோப்பு, டீ எல்லாம் சேத்து 2,500. ஆக 14,000. இது 2019 கணக்கு, இன்னிக்கு அதே மாதிரி இருக்கணும்னா 20, 22 ஆயிரம்னு வச்சுக்கோங்க.

மாச வாடகை ரூம் எந்த ஆப்புலயும் சரியா கிடைக்காது, கிடைச்சாலும் டூரிஸ்ட் ரேட் தான் சொல்லுவாங்க. ஊருக்குப் போயி மூணு நாள் சத்திரத்துலயோ தர்மசாலாலயோ தங்கிக்கணும், காலைல ஒரு டீக்கடை, சாயந்தரம் ஒரு மளிகைக் கடை, ரெண்டு நாள் அதே கடைக்கு போயி நின்னா மூணாவது நாள் நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே அவங்க கேப்பாங்க, எங்கருந்து வந்திருக்கீங்க, என்ன வேலைன்னு. அங்க சொல்லி வச்சா போதும், சாயந்தரத்துக்குள்ள யாரோ ஒருத்தரோட மாடி ரூம் வந்துடும். ஆதார் ஜெராக்ஸ் நாலு காப்பி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எப்பவும் பைல இருக்கணும், நெறைய ஊர்ல குடி வர்றவங்க விவரத்த போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணும். தனி ஆம்பளைன்னா யோசிப்பாங்க, கறி சாப்பிடுவீங்களான்னு கேப்பாங்க, கேட்டா கோவப்படாதீங்க, அதுவும் ஊரப் பத்தி தெரிஞ்சுக்கற ஒரு தகவல் தான். எனக்கு கறி இல்லாம ஆகாது, அதனாலயே ரிஷிகேஷ் லிஸ்ட்ல இருந்து போச்சு, அந்த ஊருக்குள்ள கறியும் விக்கறதில்ல சாராயமும் விக்கறதில்ல. கங்கை ஓரமா உக்காந்தா மனசு அப்படியே அடங்குதுன்னு சொல்றாங்க, சரிதான், எனக்கும் அடங்குச்சு, பத்து நாள்ல நாக்கு அடங்கல.

சமைக்கறதுக்கு ஒரு ரைஸ் குக்கர், ஒரு இண்டக்‌ஷன் ஸ்டவ். கரண்ட் அடிக்கடி போற ஊர்னா 5 கிலோ சிலிண்டர், இப்ப சோட்டுன்னு விக்கறாங்க, அதுக்கு அட்ரஸ் ப்ரூஃப் வேண்டியதில்ல, ஐடி இருந்தா போதும். இது தெரியாம ஒரு மாசம் பிரெட்டும் வாழப்பழமும் தின்னவன் நான்.

தங்கறதுக்கு காசு மிச்சம் பண்ணணும்னா குருத்வாரா, அதான் சீக்கியங்க கோயில், பெரிய உபகாரம், இமாச்சல் மணிகரண்ல வெந்நீர் ஊத்துலயே அரிசி வேக வச்சு லங்கர்னு இலவச சாப்பாட்டுல போடறாங்க, தலைய மூடிக்கணும், பீடி சிகரெட் கூடாது, பாத்திரம் கழுவ கூட நின்னா மரியாதை. ஆனா அது வழிப்போக்கனுக்கான இடம், ரெண்டு மூணு நாள் தான், அத வீடா ஆக்கிக்கப் பாக்கக் கூடாது. காசி ஊர்ல கோதௌலியா பக்கத்துல நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கு, 1863ல இருந்து இருக்கறது, வடக்க ரெண்டு மாசம் சப்பாத்தி தின்னுட்டு அங்க போயி இலைல சாம்பார் சாதம் பாத்தப்ப கண்ணு கலங்கிடுச்சு, வெக்கமா இருந்துச்சு. ட்ரெய்னுக்கு எப்பவும் ஸ்லீப்பர் தான். ஈரோட்டுக்காரனுக்கு ஒரு வசதி, கன்னியாகுமரி திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் அது வழியாத்தான் போகுது, கிட்டத்தட்ட 4,200 கிலோமீட்டர் ஓடற வண்டி, அதுல ஏறினா மூணு நாள்ல வடகிழக்கு. இப்ப டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி தான் எடுக்க முடியும், முன்ன 120 நாள் இருந்துச்சு, 2024 நவம்பர்ல மாத்திட்டாங்க, அதனால அஞ்சு மாச பிளான் எல்லாம் போடாதீங்க, அடுத்த ஊர் மட்டும் யோசிச்சா போதும்.

இன்னொன்னு, வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீர்லயும் லடாக்லயும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் தான். லேப்டாப்ல பொழைக்கறவன் இத ஸ்ரீநகர்ல எறங்கி தெரிஞ்சுக்கக் கூடாது. நேபாளத்துக்கு நமக்கு விசா வேணாம், பணமும் நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க 1.60ன்னு நிலையா வச்சிருக்காங்க, போக்ரால ஏரி பக்கத்துல ஒரு மாசம் ராஜா மாதிரி இருந்தேன், ஆனா பேங்க் ஓடிபி வரணும்னா ரோமிங் போடணும், 20ஆம் தேதி நைட்டு அது வராம நான் பட்ட பாடு எனக்குத் தான் தெரியும்.

இப்ப நெறைய பேர் யோசிக்காத விஷயத்துக்கு வரேன். நமக்கு ஊர் பிடிச்சா போதுமா? அந்த ஊர் சட்டம் நம்மள உள்ள விடணும்ல. இமாச்சல்ல 1972 நிலச் சீர்திருத்தச் சட்டத்துல 118வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, அந்த மாநிலத்து விவசாயியா இல்லாதவங்க கவர்மென்ட் பெர்மிஷன் இல்லாம நிலம் வாங்க முடியாது, அங்கயே பொறந்தவனா இருந்தாலும் விவசாயி இல்லன்னா இதே கதை தான். உத்தராகண்ட்ல வெளியாளுங்களுக்கு டவுன் எல்லைக்கு வெளிய வீடு கட்ட 250 சதுர மீட்டர் தான்னு இருந்துச்சு, 2025ல இன்னும் இறுக்கிட்டாங்க, ஹரித்வார், உதம் சிங் நகர் ரெண்டு மாவட்டம் தவிர மத்த 11லயும் விவசாய நிலத்த வெளியாள் வாங்க முடியாது. சிக்கிம்ல வெளியாளுக்கு நிலம் கிடையாது. மேகாலயாலயும் வெளியாளுக்கு நிலம் போறத கட்டுப்படுத்த 1971ல வந்த சட்டம் இருக்கு. நாகாலாந்து, மிசோரம், அருணாச்சல் போறதுக்கே இன்னர் லைன் பெர்மிட் வாங்கணும். நேபாளத்துல நாம எவ்ளோ வருஷம் வேணா இருக்கலாம், ஆனா நம்ம பேர்ல ஒரு செண்ட் வாங்க முடியாது. கர்நாடகால முன்னாடி விவசாயி இல்லாதவங்க விவசாய நிலம் வாங்க தடை இருந்துச்சு, 2020ல எடுத்துட்டாங்க. நம்ம தமிழ்நாட்டுல அந்த தடை இல்ல, ஆனா மலைன்னா கட்டடம் கட்ட தனி அனுமதி இருக்கு. ஊட்டி, கொடைக்கானலுக்கு வெளியில இருந்து வண்டில போகவே 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ். ஆரோவில்ல செட்டில் ஆகலாமான்னு நெறைய பேர் கேக்கறாங்க, ஆகலாம், ஆனா அங்க வீடு உங்க சொத்து ஆகாது, நிலமும் கட்டடமும் ஃபவுண்டேஷனோடது.

இதெல்லாம் தப்புன்னு நான் சொல்ல வரல. அந்தச் சட்டம் எல்லாம் இல்லாம இருந்திருந்தா அந்த மலைல பாதிய நம்ம ஊர் ரியல் எஸ்டேட்காரங்க எப்பவோ பிளாட் போட்டு நட்டுக்கல் நட்டிருப்பாங்க. ஆனா மனச விடறதுக்கு முன்னாடி தெரிஞ்சு வச்சுக்கணும். வாடகைக்கே காலம் பூரா இருக்கப் போறேன்னா பிரச்சினை இல்ல, அதுவும் ஒரு முடிவு தான்.

அடுத்தது சீசன். எல்லாரும் ஒரு ஊர நல்ல சீசன்ல பாத்துட்டு அங்க வாழணும்னு ஆசைப்படறாங்க. நான் 2018 ஜூலைல மடிகேரில 10 நாள் இருந்தேன், மழையும் காப்பித் தோட்டமும் பாத்துட்டு, தம்பி உங்கள மாதிரியே, இதான்டா நம்ம ஊருன்னு அக்காவுக்கு போன் போட்டு சொன்னேன். அடுத்த மாசமே மடிகேரி இருக்கற குடகு மாவட்டத்துல மலை சரிஞ்சு வீடுங்க ரோடுங்க எல்லாம் போச்சு, டிவில பாத்தப்ப நான் நடந்த ரோடு மாதிரியே இருந்துச்சு. உத்தராகண்ட் ஜோஷிமடத்துல 2023 ஜனவரில வீடுங்க வெடிப்பு விட்டு ஜனங்க வெளிய வந்தாங்க. 2024 ஜூலை 30 வயநாட்டுல நடந்தது உங்களுக்கே தெரியும். மலைல வாழவே கூடாதுன்னு சொல்லல, லட்சக்கணக்கான பேர் வாழறாங்க, ஆனா நீங்க பாக்கற ரூம் எந்தச் சரிவுல இருக்கு, தண்ணி எந்தப் பக்கம் எறங்குதுன்னு அடை மழைல நின்னு பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க. எந்த ஊரா இருந்தாலும் அதோட மோசமான மாசத்துல போங்க, அந்த மாசத்துல வாடகையும் பாதி தான், வீட்டுக்காரங்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

எனக்கு நிஜமாவே மனசு ஒட்டின ஊர் அல்மோரா. உத்தராகண்ட்ல குமாவுன் பக்கம், 1,600 மீட்டர் உயரம் இருக்கும், ஒரு மேடு மேல நீளமா படுத்திருக்கற ஊரு, பஜார்ல கல்லு பாவின தரை. 2020 பிப்ரவரில ஒரு மாசத்துக்குன்னு ஊருக்கு வெளிய ஒரு வீட்ல ரூம் எடுத்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு 70க்கு மேல வயசு, எல்லாரும் ஆமான்னு கூப்பிடுவாங்க, அங்க ஆமான்னா பாட்டி. மார்ச் 24 ராத்திரி 8 மணிக்கு லாக்டவுன் அறிவிச்சாங்க, அத அந்தப் பாட்டியோட டிவில தான் உக்காந்து பாத்தேன். ஒரு மாசத்துக்கு வந்தவன் எட்டு மாசம் இருந்தேன்.

கடையில காய் வர்றது நின்னு போச்சு, ஆமா உள்ள இருந்து ஒரு டப்பால மாவு கொண்டு வந்து குடுத்தாங்க, மடுவான்னு சொன்னாங்க, மோந்து பாத்தேன், நம்ம ராகி! அவங்க அதுல கனமா ரொட்டி தட்டுவாங்க. நான் அடுத்த நாள் களி கிண்டி, அவங்க வைக்கற கருப்பு சோயா குழம்பு, சுட்கானின்னு பேரு, அதத் தொட்டு சாப்பிடறத பாத்துட்டு அந்தம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே, உருண்டையா முழுங்கறானேன்னு பக்கத்து வீட்ல இருந்து ஆள கூட்டிட்டு வந்து காட்டினாங்க. அவங்க ஜங்கோரான்னு பாயசம் வச்சாங்க, அது நம்ம குதிரைவாலி. இவ்ளோ தூரம் வந்து பவானி அம்மாயி வீட்டு சாப்பாடு சாப்பிட்டுட்டு இருக்கேன்னு ஆச்சரியமா இருந்துச்சு.

ஆனா ஏப்ரல்ல தண்ணி குறைஞ்சுது. அங்க நௌலான்னு ஊத்துத் தண்ணிய கல்லுக் கட்டி படி வச்சு தேக்கின சின்னத் தொட்டி இருக்கும், பைப்ல தண்ணி வரலன்னா அங்க போகணும், ரெண்டு குடம் எடுத்துட்டு 80 படி ஏறினா எனக்கே முட்டி நடுங்கும், அந்தம்மா 70 வயசுல ஏறுவாங்க. மே மாசம் பைன் காட்டுல காஞ்ச ஊசி இலை எல்லாம் தீப்பிடிச்சு ஒரு வாரம் புகை. சாயந்தரம் ஆச்சுன்னா சிறுத்தை பயத்துல நாய உள்ள கட்டிடுவாங்க. இதெல்லாம் கூட பழகிடுச்சு.

பல்லு தான் பழகல. ஏப்ரல் ரெண்டாவது வாரம் கீழ் கடவாப்பல்லு வலி ஆரம்பிச்சுது, பல் கிளினிக் எல்லாம் பூட்டு. ஆமா கிராம்பு குடுத்தாங்க, திமூர்னு ஒரு முள்ளுச் செடிக் குச்சி குடுத்து மெல்லச் சொன்னாங்க, வாயே மரத்துப் போயி ரெண்டு மணி நேரம் தூங்கினேன், மறுபடி வலி. நாலாவது நாள் கன்னம் வீங்கி ஒரு கண்ணு மூடிடுச்சு. அவங்க பேரன் காய்கறி ஏத்தற பிக்அப் வண்டிக்கு பாஸ் வச்சிருந்தான், அதுல முன்னாடி உக்காந்து ஹல்த்வானிக்கு போனேன், 90 கிலோமீட்டர், பூரா வளைவு, ஒவ்வொரு வளைவுலயும் வலி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போயிட்டு வந்துச்சு. அங்க ஒரு ஆஸ்பத்திரில பிடுங்கி எடுத்தாங்க. திரும்பி வர்றப்ப ஒண்ணு தான் ஓடுச்சு மண்டைல, 35 வயசுல பல்லு வலிக்கு இந்தப் பாடு, 65ல நெஞ்சு வலின்னா என்ன பண்ணுவேன்?

அப்பறம் தான் சுத்தியும் பாக்க ஆரம்பிச்சேன். அந்த வழில பாதி வீடு பூட்டு, கதவுல செடி மொளச்சிருக்கு. 2011 சென்சஸ்ல அல்மோரா மாவட்டமும் பௌரி கட்வால் மாவட்டமும் பத்து வருஷத்துல ஜனத்தொகை குறைஞ்ச மாவட்டங்க, அது என்னன்னா ஆஸ்பத்திரி இல்ல, வேலை இல்ல, காலேஜ் இல்லன்னு எல்லாரும் கீழ எறங்கிட்டாங்க. ஆமாவோட ரெண்டு பசங்களும் டெல்லில. அவங்க பசங்க எதுக்காக விட்டுட்டு போனாங்களோ அதே காரணத்த பாக்காம, வ்யூ நல்லா இருக்குன்னு நான் அங்க குடி இருக்க வந்திருக்கேன். ஒரு ஊருக்குப் போனா அங்க இருந்து யாரு போறாங்க, ஏன் போறாங்கன்னு கேளுங்க தம்பி. நமக்கு ஊர் சொல்லித் தர்றவங்க அங்க தங்கினவங்க இல்ல, கெளம்பினவங்க. அக்டோபர்ல நான் கெளம்பறப்ப ஆமா ஒரு கிலோ மடுவா மாவு கட்டிக் குடுத்தாங்க, எங்க ஊர்லயே இருக்குங்க ஆமான்னா கேக்கல. இப்பவும் தீபாவளிக்கு போன் பண்ணுவேன்.

ஊருக்கு வந்து ரெண்டு மாசம் அக்கா வீட்ல இருந்தேன். 2021 ஜனவரில ஒரு கிளையன்ட் தென்காசில புதுசா கடை போட்டிருந்தார், பழைய கணக்கெல்லாம் குழப்பம், வந்து ரெண்டு வாரம் உக்காந்து சரி பண்ணிக் குடுங்கன்னார். ஊர் தேடியெல்லாம் போகல, வேலைக்குப் போனேன். லாட்ஜ் காசு மிச்சம் பண்ணலாம்னு வழக்கம் போல மாச வாடகைக்கு ஒரு மாடி வீடு எடுத்தேன், அவ்ளோதான். மொத நாள் டீக்கடைல "அண்ணாச்சி, நீங்க கோயம்புத்தூர் பக்கமா?"ன்னு கேட்டாங்க, வாயத் திறந்து ரெண்டு வார்த்தை தான் பேசிருப்பேன், அந்த "ங்க"வ வச்சே கண்டுபிடிச்சுட்டாங்க.

ஜனவரில எந்த ஊரும் நல்லா இருக்கும்னு தெரியும், அதனால ஏமாறல, வேலை முடிஞ்சும் ஏப்ரல் மே பாத்துட்டு போலாம்னு இருந்தேன். வெயில் நல்லாவே அடிக்குது, கொரோனா ரெண்டாவது அலை வேற. ஜூன்ல செங்கோட்டை கணவாய் வழியா காத்து எறங்குச்சு பாருங்க, பவானில ஆடிக் காத்து பாத்தவன் தான் நான், இது வேற மாதிரி, கூடவே சாரல், வெயில் அடிக்கறப்பவே சாரல். அந்த நேரத்துல தான் அம்மாவ ஒரு மாசம் இருந்துட்டு போங்கன்னு கூட்டிட்டு வந்தேன்.

இப்ப ஒரு விஷயம் சொன்னா சிரிப்பீங்க. நான் ரெண்டரை வருஷம் ஒரு நோட்டுல ஊர் ஊருக்கு மார்க் போட்டு வச்சிருந்தேன், நெட் ஸ்பீடு, வாடகை, ஆஸ்பத்திரி தூரம், வெயில், ஜனங்கன்னு பத்து கட்டம். அம்மா வந்த மறுநாள் காலைல துவரம் பருப்ப கழுவி குக்கர் இல்லாம சாதாரண பாத்திரத்துல போட்டாங்க, அரை மணி நேரம் கழிச்சு கரண்டில எடுத்து விரல்ல நசுக்கிப் பாத்துட்டு, "தண்ணி நல்லாருக்குடா, பருப்பு பூவாட்டம் வேகுது"ன்னாங்க. அக்கா வீட்ல போர் தண்ணி, உப்பு, பருப்பு எத்தன விசில் விட்டாலும் கல்லு மாதிரி நிக்கும், அம்மாவுக்கு அங்க இருந்த பெரிய குறையே அது தான், யார்கிட்டயும் சொன்னதில்ல. என் நோட்டுல பத்து கட்டத்துல அது இல்ல. ஒரு மாசத்துக்கு வந்தவங்க திரும்பிப் போகல.

அதுக்காக தென்காசி சொர்க்கம்னு யாரும் பெட்டி கட்ட வேணாம். பெரிய ஆஸ்பத்திரின்னா திருநெல்வேலி தான் போகணும், 55 கிலோமீட்டர் பக்கம், ஆனா ரோடு சமவெளி, வளைவு இல்ல, பல்லுக்கு உள்ளூர்லயே டாக்டர் இருக்காங்க, அத மொத வாரமே போயி விசாரிச்சுட்டேன். 2023 டிசம்பர் 17, 18ல தென் மாவட்டத்துல பேஞ்ச மழைய நாங்களும் பாத்தோம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல, திருநெல்வேலிக்கு போற வழியெல்லாம் அடைஞ்சு போச்சு. மலையடிவாரத் தோப்புல யானை வரும். சீசன்ல குற்றாலத்துக்கு வர்ற கூட்டத்துல சனி ஞாயிறு கடைக்குக் கூட போக முடியாது. நான் இன்னும் எடம் வாங்கல, 11 மாச அக்ரிமென்ட் அஞ்சு தடவ புதுப்பிச்சு அதே வீட்ல தான் இருக்கோம். ஓட்டு மட்டும் இங்க மாத்திட்டேன்.

உங்க கணக்குக்கு வரேன். 4 லட்சத்த 24 மாசத்தால வகுத்தா மாசம் 16,600 சொச்சம், பேப்பர்ல அழகா இருக்கும். ஆனா அதுல 1 லட்சத்த தொடவே கூடாது, அது உடம்புக்கும், கடைசில ஊர் கிடைச்சப்பறம் அட்வான்ஸ், பாத்திரம் பண்டம், கட்டில்னு வாங்கறதுக்கும். மிச்சம் 3 லட்சம், மாசம் 20 ஆயிரம்னா 15 மாசம். கம்பெனி இன்ஷூரன்ஸ் வேலையோட போயிடும், அதனால சொந்தமா ஒண்ணு எடுத்துட்டு தான் ரிசைன் லெட்டர் குடுக்கணும். என்னக் கேட்டா இப்பவே வேலைய விடாதீங்க. வீட்ல இருந்து வேலை பாக்க விடுவாங்களான்னு மொதல்ல கேளுங்க, ஒரு மாசத்துக்காவது. அது கிடைக்கலன்னா இருக்கற லீவ எல்லாம் சேத்து மூணு வாரம் ஒரே ஊர்ல போயி இருங்க, டூரிஸ்ட் இடம் ஒண்ணு கூட பாக்காதீங்க. சும்மா சமைங்க, துணி துவைங்க, முடி வெட்டுங்க, ஜுரம்னு சொல்லி ஒரு டாக்டர பாருங்க. மூணாவது வாரம் ஒரு செவ்வாக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு ரூம்ல சும்மா படுத்திருக்கறப்ப எப்படி இருக்குன்னு பாருங்க. எனக்கு கோகர்ணால அந்த நேரத்துல அழுகை வந்துச்சு, கடல் நூறு அடில இருக்கு.

எங்க ஆரம்பிக்கறதுன்னா, பாஷை தெரிஞ்ச இடத்துல ஆரம்பிங்க. இந்தி தெரியாம வடக்க போனா மொத மூணு மாசம் ஊர் பிடிக்கலையா பாஷை தெரியலையான்னே பிரிக்க முடியாது. நான் ரெண்டையும் குழப்பி நல்ல ஊர் ஒண்ணு ரெண்ட விட்டிருக்கேன்.

எப்ப நிறுத்தறதுன்னு கேட்டிருந்தீங்க. நான் முடிவு பண்ணி நிறுத்தல தம்பி. 2021 ஆகஸ்ட்ல அடுத்து எங்க போலாம்னு ட்ரெய்ன் பாக்க உக்காந்தேன், அம்மா உள்ள இருந்து, "அடுத்த வாரம் கீழ் வீட்ல வளைகாப்பு, அது முடிஞ்சு பாரு"ன்னாங்க. சரின்னு லேப்டாப்ப மூடினேன். வளைகாப்பு முடிஞ்சுது, அந்தப் பாப்பா இப்ப ஸ்கூலுக்கு போகுது.

இந்தப் பக்கம் ட்ரை பண்றதா இருந்தா ஏப்ரல் மே ஒரு தடவ, ஜூன் ஜூலை ஒரு தடவ வாங்க. சென்னை எழும்பூர்ல இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கு, காலைல எறங்கிடலாம். வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி இங்கயே எழுதுங்க, டூ லெட் போட்ட வீடு கண்ணுல பட்டா சொல்றேன். ஜூன்ல வந்தா துணி ரெண்டு செட் சேத்து எடுத்துக்கோங்க, சாரல்ல ஜட்டி காய மூணு நாள் ஆகும்.